பழைய மணல்

ஜனவரி 3

புது வருட நாட்காட்டி வந்திருக்கிறது. காப்பகத்தின் பெயருக்குக் கீழே இயக்குநரின் படம், கையில் ஒரு மலைப்பாம்புக் குட்டி. அந்தப் பிடி நான் சொல்லிக்கொடுத்த பிடி. கால்நடை மருத்துவம் முடித்த கையோடு இங்கே பயிற்சிக்கு வந்தபோது மங்கையர்க்கரசிக்குப் பாம்பைத் தொட்டாலே கை நடுங்கும். "நெரிக்காதே, தாங்கு" என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். இன்று அவள் இயக்குநர். நான் அன்று இருந்த அதே ஊர்வனப் பிரிவில் அதே கியூரேட்டர். விலங்கியலில் தங்கப்பதக்கம், முனைவர் பட்டம், இருபத்தாறு வருட அனுபவம் எல்லாம் இருந்தும், இயக்குநர் பதவிக்கு மருத்துவர்தான் வேண்டும் என்று விதியைத் திருத்திவிட்டார்கள். வழக்கு மதுரையில் நடக்கிறது.

நாட்காட்டியைத் திருப்பி மாட்டிவிட்டேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, குறிப்பு எழுத உதவும்.

எழுத வந்தது அதுவல்ல. கிழவிக்கு வயிற்றில் முட்டை பிடித்திருக்கிறது. என் பிரிவின் காப்பாளன் ஆரோக்கியமும் நானும் சேர்ந்து தூக்கி, பின்னங்காலுக்கு முன்னால் உள்ள குழியில் விரல் வைத்துப் பார்த்தேன். கோலிக்குண்டுகளைத் துணிப்பைக்குள் தடவுவது போல இருந்தது. இருபதுக்குக் குறையாது.

கொள்ளிடத்தில் மீன் வலையில் சிக்கி வந்தவள் அவள். மெல்லோட்டு ஆமை. தோலைப் போர்த்திய தட்டுப் போல் ஓடு, குழாய் போல் மூக்கு, எலும்பை நொறுக்கும் வாய். என் வலது ஆள்காட்டி விரலில் நுனி இல்லாததற்கு அவள்தான் காரணம். அதை நான் அவள்மேல் குறையாக வைத்துக்கொள்ளவில்லை. இந்த ஆற்றில் இப்போது இவளைப் போல் ஒன்றைப் பார்த்ததாகச் சொல்லும் மீனவர்கள் இல்லை. எங்களிடம் ஆண்கள் மூன்று இருக்கின்றன. பெண் இவள் ஒருத்திதான்.

போன வருடம் இட்ட முட்டைகள் அத்தனையும் பூஞ்சை பிடித்து அழுகின. இந்த வருடமும் குஞ்சு இல்லை என்றால் இனப்பெருக்கத் திட்டத்தை மூடிவிட்டு அந்த இடத்தில் படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை கட்டுவதாக மேலிடம் முடிவு செய்திருக்கிறது. மூன்று ஆண்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மூட விட மாட்டேன்.

ஜனவரி 9

மாலை வெயில் இறங்கியதும் கிழவி கரையேறினாள். முட்டையிடுவதற்காகக் கொட்டிய மணல் மேட்டில் அரை வட்டம் சுற்றினாள். பின்னங்காலால் தோண்ட ஆரம்பித்தாள். நான் தட்டிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான்கைந்து தரம் வாரியிருப்பாள். தோண்டியது உள்ளே சரிந்தது. இன்னொரு இடம். அதுவும் சரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பினாள்.

முதல் முயற்சியில் இடாமல் திரும்புவது சகஜம்.

மேட்டில் கிடப்பது எம்-சாண்ட். கல்லை உடைத்துப் பொடித்த மணல். ஆற்று மணலுக்குக் குவாரி எல்லாம் மூடிக் கிடக்கும்போது ஒப்பந்தக்காரர் வேறு எதைக் கொண்டுவருவார்? நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துக் கொட்டிவிட்டுப் போய்விட்டார். இருந்தாலும் கழுவிய மணல், சுத்தம். பூஞ்சைக்கு வழியில்லை.

ஆரோக்கியம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். "சார், இது கான்கிரீட் போடுற மணலு. கிழவி என்ன, மாடி வீடா கட்டப் போவுது?"

"வேலையைப் பாரு."

"இல்ல சார், பழைய மணலு இருக்குல்ல, அத..."

"பழசை எடுக்காதே. போன வருசம் முட்டை அழுகினது அதுலதான். அந்தப் பேச்சே என் காதில விழக்கூடாது."

தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். அந்தப் பழைய மணல் இந்நேரம் எவன் வீட்டுச் சுவரிலோ பூச்சாக இருக்கும். ஒப்பந்தக்காரருக்கு லாட்டரி அடித்த மாதிரி.

ஜனவரி 10

இன்றும் இல்லை.

ஜனவரி 16

காணும் பொங்கல். கூட்டம் தாங்கவில்லை. கரும்புச் சக்கையை முதலைக் குளத்தில் எறிகிறார்கள். கிழவியின் தொட்டிக் கண்ணாடியை ஒரு ஆள் மோதிரம் போட்ட விரலால் தட்டிக்கொண்டே இருந்தான். "ஏன்யா, உன் வீட்டுக் கதவை இப்படி நாள் பூரா தட்டினா நீ வெளிய வருவியா?" என்றேன். அவன் மனைவி சிரித்துவிட்டாள். "அவருகிட்ட கடன் கேட்டு வர்றவங்க தட்டினா வர மாட்டாரு சார்."

சக்கையை அள்ளிக்கொண்டு போகும்போது குறுக்கு வழியில் போகலாமே என்றான் ஆரோக்கியம். மருத்துவமனைக் கட்டடத்தை ஒட்டிப் போகும் வழி. அதன் மாடியில்தான் இயக்குநர் மங்கையர்க்கரசியின் அறை. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அந்த வழியில் நான் கால் வைத்ததில்லை. முதலைக் குளங்களைச் சுற்றித்தான் போகிறேன். நடப்பது உடம்புக்கும் நல்லது.

இவ்வளவு சத்தத்தில் எந்தப் பிராணி முட்டையிடும்? கூட்டம் போகட்டும்.

ஜனவரி 19

பரிசீலனைக் கூட்டம். கீழே பொது அரங்கில் நடந்ததால் போனேன்.

"கிழவி எப்படி இருக்கா சார்?" என்று மங்கையர்க்கரசி கேட்டாள். எல்லோர் முன்னாலும் 'சார்' போடுவதில் அவளுக்குக் குறைவே இல்லை.

"நல்லா இருக்கு."

"மணல்?"

"மணலுக்கு என்ன? முதல் தரம். போனதை விட நூறு மடங்கு மேல்."

பேனாவால் ஏதோ குறித்துக்கொண்டாள். "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாமா? நாள் தள்ளிப்போகுதேன்னு..."

"எக்ஸ்ரேக்காகத் தூக்கிட்டு அலைஞ்சா அதுக்குப் பயத்துலயே முட்டை உள்ள நின்னுடும். இது உங்க நாய் பூனை இல்ல மேடம்."

யாரோ இருமினார்கள். அவள் பேனாவை மூடினாள். "சரி சார். உங்களுக்குத் தெரியாததா."

இந்த 'உங்களுக்குத் தெரியாததா' எனக்குப் புரியாமல் இல்லை. நவம்பரில் இதே அரங்கில்தான் அந்த வாக்குவாதம் நடந்தது. முட்டை அழுகியது மணலால் அல்ல, மழை நாளில் மேட்டில் தண்ணீர் நின்றதால்தான், வடிகாலைச் சரி செய்தால் போதும், மணலில் கை வைக்காதீர்கள், ஆற்று மணல் திரும்பக் கிடைக்காது என்றாள். வடிகாலை வடிவமைத்தவன் நான். அது அவளுக்குத் தெரியும். நான் அறிவியல் ஆதாரங்களோடு பேசினேன். மேலிடம் என் பக்கம் நின்றது. மணல் மாற்றப்பட்டது. அதோடு ஊர்வனப் பிரிவின் பராமரிப்பில் இயக்குநர் அலுவலகம் தலையிட வேண்டாம் என்று ஒரு கடிதமும் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான்.

ஜனவரி 21

எம்-சாண்டில் தென்னைநார்த் தூளைக் கலந்தேன். ஈரம் நிற்கும் என்று கணக்கு. நின்றது. ஆனால் தோண்டினால் சேறு மாதிரி ஒட்டிக்கொண்டு, காய்ந்ததும் பாளம் பாளமாக உடைகிறது. செம்மண் கலந்து பார்த்தேன், இறுகிப்போகிறது. ஆற்று மணல் உருண்டை, தண்ணீர் உருட்டி உருட்டி வழுவழுப்பாக்கியது. ஈரத்தில் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு குழிச் சுவராக நிற்கும். இது உடைத்த கல். ஒவ்வொரு துகளுக்கும் முனை இருக்கிறது.

கிழவி மாலையில் ஏறினாள். வெகுநேரம் போராடினாள். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, கையால் ஒரு குழி தோண்டி வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. தான் தோண்டாத குழியில் அவள் இட மாட்டாள்.

திரும்பிப் போன பிறகு மேட்டைப் பார்த்தேன். கால் பதிந்த இடத்தில் ரத்தம்.

"பாவம் சார்" என்றான் ஆரோக்கியம். இன்று கிண்டல் இல்லை. "எம் மவ பிரசவத்தப்ப ஆஸ்பத்திரில கட்டில் கெடைக்காம வராண்டாவுல நடந்துக்கிட்டே இருந்துச்சு. அப்படியே இருக்கு."

"கால்ல மஞ்சள் மருந்து போடணும். பிடி."

ஜனவரி 23

இதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆனாலும் எழுதுகிறேன்.

விடியற்காலையில் ஸ்கூட்டரில் நான்கு சாக்குகளோடு கொள்ளிடத்துக்குப் போனேன். கரையில் இறங்கி மண்வெட்டியால் அள்ளினேன். என்ன மணல்! கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழிந்து, கொஞ்சம் ஈரமாய் உள்ளங்கையில் தங்குகிறது. இரண்டு சாக்கு நிரப்பி, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்துக் கட்டிக்கொண்டு ஏறினால், பாலத்தடியில் போலீஸ்.

என் மகன் வயதுள்ள கான்ஸ்டபிள். "எங்க அப்பா மாதிரி இருக்கீங்க, இந்த வயசுல மணல் திருட்டா?"

அடையாள அட்டையைக் காட்டினேன். முனைவர் பூவராகன், கியூரேட்டர். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கியூரேட்டர்னா?"

"ஆமை, பாம்பு, முதலை எல்லாம் பார்த்துக்கறவன். ஒரு ஆமை முட்டையிடணும். அதுக்கு மணல் வேணும்."

அவன் பக்கத்தில் இருந்த ஏட்டிடம் திரும்பினான். "அண்ணே, ஆமைக்குப் பிரசவமாம்."

ஏட்டு வயதானவர், சிரிக்கவில்லை. "சார், நீங்க பொய் சொல்லல, தெரியுது. ஆனா ரெண்டு மூட்டைய விட்டா நாளைக்கு எல்லாவனும் ஆமைக்குன்னுதான் சொல்லுவான். ஒண்ணு செய்யுங்க. உங்க டைரக்டர்கிட்ட லெட்டர்பேடுல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. தாசில்தார் ஆபீசுல காட்டினா ஒரு வண்டிக்கே அனுமதி குடுப்பாங்க. இப்ப கொட்டிட்டுப் போங்க."

கொட்டினேன். காலியான சாக்குகளை அந்தப் பையன் மடித்துக் கொடுத்தான்.

ஒரு கையெழுத்து. மணல் முதல் தரம் என்று நாலு நாளைக்கு முன்னால் சபையில் சொன்ன வாயால் போய் அதைக் கேட்க வேண்டும். அவள் கையெழுத்துப் போடுவாள். அதுதான் பிரச்சினையே. ஒன்றும் சொல்லாமல், முகத்தில் ஒன்றும் காட்டாமல் போட்டுக் கொடுப்பாள்.

வேறு வழி பார்க்கலாம்.

ஜனவரி 24

கட்டுமான இடங்கள் ஐந்தில் கேட்டேன். எல்லா இடத்திலும் எம்-சாண்ட். ஒரு மேஸ்திரி, "ஆத்து மணலா? எங்க தாத்தா காலத்து வீட்ட இடிச்சா கெடைக்கும் சார்" என்றார்.

ஜனவரி 26

கொடியேற்றத்தில் கடைசி வரிசையில் நின்றேன். மிட்டாய் கொடுத்தார்கள். அவள் என் பக்கம் வருவது போலிருந்தது. ஆரோக்கியத்திடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று திரும்பிக்கொண்டேன்.

கிழவி நேற்றிலிருந்து மீனைத் தொடவில்லை. நத்தையைப் போட்டோம், அதையும் தொடவில்லை.

வீட்டில் சுகுணாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள், "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டா உங்க மீசை உதிர்ந்துடுமா?"

"உனக்குப் புரியாது."

"எனக்கு என்ன புரியாது? நம்ம கல்யாண நாளுக்கு வந்து பாத்திரம் கழுவிக் குடுத்துட்டுப் போன பொண்ணு அது. பதவி குடுத்தவன் எவனோ, நீங்க அவகிட்ட முறைச்சுக்கிட்டு நிக்கறீங்க. வயித்துல சுமக்கறது அந்த வாயில்லாத ஜீவன்."

குழம்பில் உப்பு அதிகம். சொன்னேன். "அளவாத்தான் போட்டேன்" என்றாள்.

ஜனவரி 29

கிழவி மிதக்கிறாள். ஒரு பக்கம் சாய்ந்து, இடது ஓரம் தண்ணீருக்கு மேலே தெரியும்படி. அடியில் புதைந்து கிடக்க வேண்டியவள். தொட்டால் கழுத்தைத் திருப்பிக் கடிக்க வரவில்லை. இத்தனை வருடத்தில் முதல் முறையாக என் விரல்கள் அவள் வாய்க்கு எட்டும் தூரத்தில் பத்திரமாக இருந்தன.

கால்சியம் ஊசி நானே போட்டேன். அடுத்தது ஆக்ஸிடோசின். சுருக்கம் கொடுத்து முட்டையை வெளியே தள்ளும். அது மருத்துவமனைக் குளிர்பெட்டியில்தான் இருக்கிறது. ஆரோக்கியத்தை அனுப்பினேன். வெறுங்கையோடு வந்தான்.

"டைரக்டரம்மா தர மாட்டேன்னுட்டாங்க சார்."

"என்ன சொன்னா?"

"உள்ள முட்டை ஒடைஞ்சிருந்தா அந்த ஊசி கொடலையே கிழிச்சிடுமாம். மொதல்ல எக்ஸ்ரே எடுக்கணுமாம். ஆமைய எடுத்துக்கிட்டு சாரையே வரச் சொல்லுங்கன்னாங்க."

"என்னையே வரச் சொன்னாளா?"

"அப்படிச் சொல்லல சார். 'சாரும் வந்தா நல்லது, கிழவிக்கு சார் கைதான் பழக்கம்'னாங்க."

இரண்டும் ஒன்றுதான். நான் படியேறி வரவேண்டும். அதைப் பார்க்க வேண்டும்.

வாலுக்கடியில் தேங்காய் எண்ணெய் தடவி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தேன். ஒரு முட்டையாவது நகரும் என்று பார்த்தேன்.

ஜனவரி 30

நகரவில்லை.

ஜனவரி 31

நகரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள்.

பிப்ரவரி 1

காலையில் வாலுக்கடியில் மஞ்சளாக ஒழுகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன்.

"தூக்கு" என்றேன்.

ஆரோக்கியம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வெளியே வந்ததும் அவன் முதலைக் குளத்துப் பக்கம் திரும்பினான். பழக்கம். "நேரே போ" என்றேன். அவன் ஒரு கணம் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குறுக்கு வழியில் நடந்தான்.

செம்பருத்தி வேலியைத் தாண்டி மருத்துவமனையின் பின்பக்கம் திரும்பியபோது அதைப் பார்த்தேன். நீலத் தார்ப்பாய் போர்த்திய குவியல். ஓரத்தில் செங்கற்கள் வைத்து, காற்றில் பறக்காமல் கட்டியிருந்தது. ஒரு மூலையில் தார்ப்பாய் விலகி உள்ளே இருந்தது தெரிந்தது. பழுப்பும் பொன்னும் கலந்த நிறம். அதில் கிளிஞ்சல் துண்டுகள். அந்தத் துண்டுகளை எனக்குத் தெரியும். முதல் வருடம் நானே ஆற்றிலிருந்து கொண்டுவந்து கொட்டியவை.

"இது என்னடா?"

ஆரோக்கியம் தரையைப் பார்த்தான். "பழைய மணலு சார்."

"இங்கயா இருந்தது? எப்பலேருந்து?"

"மாத்துன அன்னைலேருந்து. ஒப்பந்தக்காரரு லாரில ஏத்துனாரு, டைரக்டரம்மா மறிச்சு இங்க கொட்டச் சொல்லிட்டாங்க. நீங்க அன்னைக்கு மதுரைக்குப் போயிருந்தீங்க, கேஸ் விசயமா. நா சொல்ல வந்தேன் சார். பழசப் பேசாதன்னீங்க."

கிழவி இருவர் கையிலும் கனத்தாள்.

எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்தோம். வட்டம் வட்டமாக இருபத்திரண்டு. கீழே இரண்டு நொறுங்கி ஓடு மடங்கியிருந்தது. அவற்றுக்கு மேலே மற்றதெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றன.

மங்கையர்க்கரசி படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள். "ஒரு வாரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"மணல் இங்க இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றேன்.

இப்போதுதான் என்னைப் பார்த்தாள். "நீங்க பார்த்திருப்பீங்கன்னு நினைச்சேன் சார். காப்பகத்துல எல்லாரும் இந்த வழியாத்தானே போறோம். பார்த்தும் வேண்டாம்னு இருக்கீங்கன்னு நினைச்சேன். கூட்டத்துல கேட்டேனே, மணல் எப்படின்னு. முதல் தரம்னு சொன்னீங்க. தலையிடாதேன்னு கடிதம் வேற."

"அதையெல்லாம் பெருசா எடுத்துக்கிட்டா ஆச்சா?"

"எடுத்துக்கிட்டேன் சார்" என்றாள். "நீங்களே வந்து கேக்கட்டும்னு இருந்தேன். நான் டாக்டர். அப்படி இருந்திருக்கக் கூடாது."

அவள் சொன்னதில் பாதி குற்றத்தை அவளே எடுத்துக்கொண்டாள். மீதிப் பாதியை மேசைமேல் வைத்துவிட்டுக் கையுறை மாட்டப் போனாள்.

ஊசி இனி ஆகாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும், அதைத் தாங்கும் நிலையில் உடம்பு இல்லை, இன்று முழுக்க மருந்தும் நீரும் ஏற்றிவிட்டு நாளைக் காலை செய்யலாம் என்றாள். சரி என்றேன். ஆரோக்கியமும் இன்னும் நான்கு பேரும் கூடைகளில் பழைய மணலை அள்ளி மேட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். நானும் கூடை எடுத்தேன்.

பிப்ரவரி 2

அறுவைக்கு முன் ஒரு நிமிடம் கேட்டேன். மங்கை மறுக்கவில்லை.

தொட்டியில் பழைய மணல் நிறைத்து, ஈரமாக்கி, கிழவியை அதன்மேல் வைத்தோம். கண்ணைத் திறந்தாள். மூக்குக் குழாயை மணலில் ஒற்றினாள். அப்படியே ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு இடது பின்னங்கால் அசைந்தது. வாரினாள். மணல் சுவராக நின்றது. வலது கால். இன்னொரு முறை இடது. குழி விழுந்தது. சரியவில்லை. உள்ளங்கை அளவுக்கு, வழுவழுவென்று, சரியாக அவள் எப்போதும் போடும் குழி.

அதோடு நின்றுவிட்டாள்.

"சார்" என்றாள் மங்கை. ஸ்டெதஸ்கோப்பை எடுத்து வைத்துப் பார்த்தாள், இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள்.

இருபது முட்டைகளை வெளியே எடுத்தாள் மங்கை. நான் ஒவ்வொன்றாக, திசை மாறாமல், பென்சிலால் மேலே குறியிட்டு அந்தக் குழியிலிருந்த மணலிலேயே வைத்தேன். செத்த தாயிடமிருந்து எடுத்த முட்டை பொரிந்ததுண்டு. உலகத்தில் எங்கேயெல்லாம் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம், தெரியாதவர்கள் மாதிரி.

ஆரோக்கியம் கிழவியின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதற்கென்று கேட்கவில்லை.

பிப்ரவரி 4

உயிருள்ள முட்டையாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் மேற்புறத்தில் சுண்ணாம்பு தொட்டது போல் வெள்ளைப் புள்ளி ஒன்று தோன்றும். பிறகு அது பரவும்.

புள்ளி இல்லை.

பிப்ரவரி 6

மங்கை காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் வந்து பார்க்கிறாள். வருவதற்கு முன் கதவைத் தட்டுகிறாள். என் பிரிவு என்பதற்காக. தட்டாமலே வா என்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன்.

ஒன்றில் புள்ளி மாதிரி தெரிந்தது. இருவரும் குனிந்து பார்த்தோம். மணல் துகள் ஒட்டியிருந்தது.

பிப்ரவரி 11

எல்லாம் மஞ்சளாகிவிட்டன. மணலில் குற்றமில்லை, வடிகாலிலும் இந்த முறை குற்றமில்லை. தாயின் வயிற்றிலேயே மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. ஒரு வாரம் முன்னாடி கொண்டு வந்திருந்தால் என்று அவள் முடிக்காமல் விட்டதை நான் முடித்துப் பார்க்கிறேன்.

முட்டைகளை வேப்பமரத்தடியில் கிழவி பக்கத்திலேயே புதைத்தோம்.

பிப்ரவரி 13

மதுரையில் வாய்தா. போகவில்லை. வக்கீல் பார்த்துக்கொள்வார்.

பிப்ரவரி 27

வக்கீல் தொலைபேசியில் கத்தினார். "சார், ஜெயிச்சுட்டோம்! விதியைத் திருத்தினதே செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. பதவி உங்களுக்குத்தான். ஸ்வீட் எங்க சார்?"

"அனுப்பறேன்" என்றேன்.

சுகுணா கேட்டாள், "யாரு?"

"மதுரைலேருந்து."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தோத்துட்டீங்களா? விடுங்க" என்றாள். நான் திருத்தவில்லை.

மார்ச் 7

மங்கையர்க்கரசிக்கு வடக்கே ஒரு விலங்குப் பூங்காவில் மருத்துவராக மாறுதல். வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போகும் முன் ஊர்வனப் பிரிவுக்கு வந்து மூன்று ஆண் ஆமைகளையும் பார்த்தார். அங்கே மீனவர்களிடம் சொல்லி வைப்பதாகவும், வலையில் எங்கேயாவது ஒரு பெண் கிடைத்தால் முதல் தகவல் எனக்குத்தான் என்றும் சொன்னார். கிடைக்காது என்று இருவருக்கும் தெரியும்.

"மணலை மட்டும் மாத்தாதீங்க சார்" என்றார்.

சொல்ல வேண்டியதை எல்லாம் நெஞ்சில் வரிசையாக வைத்திருந்தேன். "வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

மார்ச் 10

பொறுப்பேற்றேன். மாலை, பொன்னாடை, பாதாம் அல்வா. மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து, "இனி ஊர்வனப் பிரிவுக்குப் பொற்காலம்" என்று பேசினார். படம் எடுக்கும் மேடை கட்டுவதற்கான கோப்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

எல்லோரும் போனபின் மாடிக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு வருடம் நான் கால் வைக்காத அறை. சுவரில் அந்த நாட்காட்டி, படம் வெளியே தெரியும்படி.

வலது பக்கம் ஜன்னல். கீழே வேலிக்கு உட்புறம் ஒரு நீள்சதுரம் வெளுத்துக் கிடக்கிறது. மணல் இருந்த இடம். சுற்றிலும் புல் முளைத்திருக்கிறது, அங்கே மட்டும் இல்லை. நான்கு மூலையிலும் செங்கல் பதிந்த தடம்.

கண்ணைக் கொஞ்சம் உயர்த்தினால் வேலிக்கு அப்பால் முதலைக் குளங்கள். அவற்றைச் சுற்றி வளைந்து போகும் பாதை இந்த நாற்காலியிலிருந்து முழுக்கத் தெரிகிறது, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை, ஒரு மரம்கூட மறைக்காமல். காலையிலும் மாலையிலும் தனியாக, மணல் இருந்த பக்கமே வராமல், அந்தப் பாதையில் சுற்றிப் போகும் ஒருவனை இங்கே உட்கார்ந்திருப்பவர் தினமும் பார்த்திருக்க முடியும்.

ஆரோக்கியம் தேநீரோடு வந்தான். "சார், வெயில் அடிக்குது. ஜன்னலுக்குத் திரை போடட்டுமா?"

"வேண்டாம்" என்றேன்.